பனிச்சரிவு எச்சரிக்கையில் மூன்றாம் நிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிட்சர்லாந்திலும் ஒஸ்திரியாவிலும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நமது பத்திரிகைகளில் வெளிவருகின்றன. அவை பெரும்பாலும் 'இயற்கையின் சீற்றம்' என்ற தலைப்புடன் நான்கு வரிகளில் முடிந்துவிடுகின்றன. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்நாடுகளில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கொழும்பில் ஏராளம் என்பதால், அந்த நான்கு வரிகளில் விடுபட்டுப்போவதை எழுத விரும்புகிறேன்.

பராமரிக்கப்படும் பனிச்சறுக்குப் பாதைகளை விட்டு விலகி மலையேறிச் சென்று பனிச்சரிவில் அகப்படுவோரில், பத்தில் ஒன்பது பேர் அளவில் தம்மாலோ தம்முடன் வந்தவர்களாலோ தூண்டப்பட்ட சரிவிலேயே அகப்படுகின்றனர். மலையில் பனி அடுக்கடுக்காகவே படிகிறது. படிந்த பனி மெல்லியதாக இருந்து கடுங்குளிர் நீடித்தால், அடியிலுள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் புதுப்பனியோ பாளமாக இறுகிவிடும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இவ்வாறான பாளத்தின்மீது ஒருவர் கால் வைத்தாலே அடியிலுள்ள நலிந்த அடுக்கு முறிந்து, அந்த முறிவு கணப்பொழுதில் பரவி, பாளம் முழுவதும் அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வரக்கூடும்.

சுவிஸில் வசிக்கும் என் தங்கையின் மகன், பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பொன்றில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார். இடுப்பளவு குழி வெட்டி, அதன் சுவரை மேலிருந்து கீழாகக் கையால் அழுத்திப் பார்க்கிறார். மேல் அடுக்கில் ஒரு விரல் மட்டுமே இறங்குகிறது. முழங்கால் மட்டத்தில் முழு முஷ்டியும் தடையின்றி உள்ளே போகிறது. அங்கிருந்து அள்ளிய பனி, கையுறையின் விரலிடுக்கில் சீனிபோல் உதிர்ந்து வழிகிறது. மேற்பரப்பைப் பார்க்கும் எவருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் ஐந்து நிலைகள் கொண்ட பொதுவான எச்சரிக்கை அளவைப் பின்பற்றுகின்றன. டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம்தானே என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணமே உயிரைக் குடிக்கிறது. நிலைக்கு நிலை ஆபத்து பன்மடங்காகப் பெருகுகிறது, உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி மூன்றாம் நிலை நாட்களிலேயே நிகழ்கிறது. நான்காம், ஐந்தாம் நிலைகளில் வீதிகள் மூடப்பட்டு, மக்களும் வீட்டில் இருந்துவிடுவர். பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்சரிவு பெரும்பாலும் அடைமழையோடு வருவதால், மழை விட்டதும் மனம் ஆறுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பனிமலையிலோ, பனி பொழிந்து ஓய்ந்து, வானம் தெளிந்து வெயில் எறிக்கும் முதல் நாளே மிகவும் ஆபத்தானது. சறுக்க விரும்புவோரை மலைக்கு அழைப்பதும் அதே வெயில்தான்.

முழுவதும் புதையுண்டவரைப் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அரை மணி நேரம் கடந்தால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர் அளவே. ஹெலிகொப்டர் அதற்குள் வந்து சேர்வது அரிது என்பதால், உடன் சென்றவர்களே தோண்டி எடுக்க வேண்டும். ஆகவே குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் புதையுண்டவரின் இடத்தைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி, பனியைத் துழாவும் நீண்ட கோல், சவள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் மலைக்குப் போவதாகத் தொலைபேசியில் சொல்லும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, இன்றைய எச்சரிக்கை எத்தனையாம் நிலை, இந்த மூன்றும் கையில் உள்ளனவா என்றும் நாம் கேட்க வேண்டும்.

இனிமேல் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அன்று அப்பகுதிக்கு விடுக்கப்பட்டிருந்த எச்சரிக்கை நிலையையும், சரிவு தானாக விழுந்ததா, ஆட்களால் தூண்டப்பட்டதா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.