மணற்காட்டுச் சண்டைப் படத்துக்கு முழு விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடமராட்சி இளைஞர்கள் மணற்காட்டுக் கிராமத்தில் எடுத்த சண்டைக் குறும்படத்தைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் ஒரு சிறு பத்தி வந்திருந்தது. குறைந்த செலவில் எடுத்திருக்கிறார்கள், குறைகளைப் பெரிதுபடுத்தாமல் எங்கட பொடியளை ஆதரிப்போம் என்பதுதான் அதன் சாரம். ஆதரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 18 நிமிடப் படத்தில் எந்த அடி விழுந்தது, எந்த அடி விழவில்லை என்று அந்தப் பத்தியில் ஒரு வரிகூட இல்லை. சுடுமணலில் விழுந்தெழும்பி நடித்த பொடியளுக்கு அது போதாது. நான் கலியாணவீட்டு வீடியோக்களை எடிட் செய்யும் தொழிலில் நீண்டகாலமாக இருப்பவன். இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்; சண்டைக் காட்சிகளைப் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். கண்டதை எழுதுகிறேன்.

கதை சிறியது. இரவில் களவாக மணல் அள்ளும் கும்பலோடு ஓர் இளைஞன் மோதுகிறான். வடமராட்சி கிழக்கில் இருப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. டிப்பரின் வெளிச்சம் மணல் திட்டியில் விழுந்ததுமே யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இரண்டு நிமிட வசனம் தேவையில்லை. அதுவும் கும்பலின் தலைவன் சென்னைப் பட ரவுடியின் தமிழில் மிரட்டுகிறான். பருத்தித்துறைச் சந்தையில் நாம் கேட்கிற குரலிலேயே அவன் மிரட்டியிருந்தால் உண்மையாகப் பயந்திருப்போம்.

இனிப் பெரிய சண்டைக்கு வருகிறேன். விழுந்தால் அடிபடாது என்றுதான் மணல் திட்டியைத் தெரிவு செய்திருப்பார்கள். நல்ல யோசனை. ஆனால் மணல் காலைப் பிடிக்கும். ஊன்றிய கால் புதைந்தால் இடுப்புத் திரும்பாது, இடுப்புத் திரும்பாவிட்டால் உதையில் வேகம் இராது. அந்த மந்தத்தை மறைக்க எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டுவதில் பிழை இல்லை. ஹொங்கொங் சண்டைப் படக்காரர் வினாடிக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 22 பிரேம் அளவில் எடுத்து, அதை 24 இல் ஓட்டி வந்தவர்கள்தான். அந்தளவு கூட்டினால் கண் பிடிக்காது. இங்கே அளவு மீறியதால் பின்னால் நிற்கும் சவுக்கு மரங்களும் சேர்ந்து வெடுக்கு வெடுக்கென்று ஆடுகின்றன. சண்டையைத் திட்டியிலிருந்து இறக்கி, அலை நனைத்து இறுகிய கடற்கரை மணலில் வைத்திருக்கலாம். விழுகிற ஷொட்டை மட்டும் திட்டியில் எடுத்து இணைத்தால் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, கமரா நிற்கும் இடம். அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் முஷ்டிக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சாண் இடைவெளி அப்படியே தெரியும். படத்தில் பல குத்துகள் அப்படித்தான் காற்றில் போகின்றன. கமராவை அடிவாங்குபவனின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவனுடைய தலையே அந்த இடைவெளியை மறைத்துவிடும். பிறகு முகம் திரும்புகிற ஷொட்டுக்கு மாறும்போது, குத்து வந்து சேரும் கடைசி இரண்டு மூன்று பிரேமைத் திரும்பவும் காட்டினால் அடி கனமாக விழும். இதற்குப் பணம் வேண்டாம். பொறுமை வேண்டும், படப்பிடிப்புக்கு முன்னரே எந்த அடியை எங்கிருந்து எடுப்பது என்று தாளில் கீறி வைக்க வேண்டும்.

ஆனால் நடிகர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள். மெலிந்த உடம்புக்காரத் தம்பி ஒருவர் மூவரை மாறி மாறிச் சமாளிக்கும் இடத்தில் ஒரு தாளக்கட்டு இருக்கிறது. அவர் எங்கே பழகினார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு உடனே பாசையூர், குருநகர்ப் பக்கத்துத் தென்மோடிப் பாணிக் கூத்து ஞாபகம் வந்தது. அங்கே வாள்ச்சண்டையைக் கூத்து ஆசிரியரான அண்ணாவியார் தாளத்துக்கே பழக்குவார்; வெட்டு எந்த அடிக்கு விழும், எந்த இடத்தில் இருவரும் நிற்பார்கள் என்பதெல்லாம் மத்தளத்தோடு கட்டப்பட்டிருக்கும். எத்தனை பேர் ஆடினாலும் ஒருவர் மேல் ஒருவர் படுவதில்லை. சண்டைப் படம் எடுக்க விரும்பும் எங்கட பிள்ளைகள் யூடியூப்பில் ஹொங்கொங்கைத் தேடுவதோடு நின்றுவிடாமல் ஓர் இரவு கூத்துக் களரியின் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும். இப்படி ஒரு பயிற்சிமுறை பக்கத்து ஊரில் உயிரோடு இருப்பதை உங்கள் விமர்சகர் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஒலிதான் படத்தின் பெரிய நட்டம். சோளகம் வீசும் நாட்களில் எடுத்திருக்கிறார்கள் போல, வசனத்தின் பாதியைக் காற்று தின்றுவிட்டது. குத்துச் சத்தங்கள் எல்லாம் இணையத்தில் எடுத்த ஒரே சத்தம். குறைந்த செலவு என்ற பேச்சு வந்தால் பலரும் அமெரிக்க இயக்குநர் ரொபேர்ட் ரொட்ரிகேஸின் பெயரைச் சொல்வார்கள். 1992 இல் வெளிவந்த அவருடைய முதல் முழுநீளப் படம் ஏறத்தாழ 7,000 டொலரில் எடுக்கப்பட்டது. அந்தத் தொகையை விட நமக்குப் பயன்படுவது அவர் ஒலியை எடுத்த விதம். அவரிடம் இருந்த கமரா இரைச்சல் போடும். அதனால் ஷொட்டை எடுத்து முடித்து, கமராவை நிறுத்தி, நடிகர்களை அதே இடத்தில் திரும்பப் பேசவைத்துத் தனியாக ஒலிப்பதிவு செய்தார். வாயசைவு விலகும் இடங்களில் வேறு ஷொட்டுக்கு வெட்டிக்கொண்டார். இதை ஒரு கைத்தொலைபேசியை வைத்தே மணற்காட்டில் செய்யலாம், காற்றுப் படாமல் ஒரு மதிலின் மறைவில் இருந்தால் போதும். அடிச்சத்தத்துக்கு நனைத்த சாக்கில் குத்தலாம். எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காயை மைக்குக்குக் கிட்ட வைத்து முறிக்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், காதை நம்ப வைக்கிறது.

இந்தப் படத்தில் என்னை உலுக்கிய காட்சி ஒன்று உண்டு. உங்கள் பத்தி அதைத் தொடவே இல்லை. கும்பலில் ஒருவன் வாளை எடுக்கிறான். வெட்டு நாயகனின் முன்னங்கையில் விழுகிறது. அதை ஸ்லோமோஷனில் காட்டவில்லை, இசையும் இல்லை. அவன் ஓடிவந்து மோட்டார் சைக்கிளில் ஏறித் திறப்பைப் போடப் பார்க்கிறான். கை நடுங்குகிறது. திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை, விழுகிறது, குனிந்து மணலுக்குள் தேடுகிறான். ஏறத்தாழ ஒரு நிமிடம், ஒரே ஷொட். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுச் செய்தியை நாம் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம். வாளோடு போஸ் கொடுக்கும் படங்களும் கைத்தொலைபேசிகளில் சுற்றித்தான் திரிகின்றன. இந்த ஊரில் ஓர் இளைஞர் குழு சண்டைப் படம் எடுத்து, வாள் என்ன செய்யும் என்பதை ஒரு நடுங்கும் கையில் காட்டியிருக்கிறது. செலவு கூடிய படங்கள் பலவற்றில் நான் காணாத துணிவு இது. பாராட்டுவதென்றால் இதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

கண்டிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. துரத்தும் காட்சியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் தலைக்கவசம் இல்லாமல் பொது வீதியில் உண்மையாகவே பறக்கின்றன. எதிரே ஒரு ஓட்டோ வந்து விலகுகிறது. அது நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடினாலே போதும். கமராவைத் தரையோடு வைத்து, வேலிக் கதிகாலும் பனை வடலியும் கிட்டத்தில் கடந்துபோக எடுத்தால் பார்ப்பவருக்கு இரண்டு மடங்கு வேகமாகத் தெரியும். ஒரு ஷொட்டுக்காக ஒரு பிள்ளை முள்ளந்தண்டு உடைந்து கட்டிலில் கிடக்கக் கூடாது. பத்திரிகையில் எழுதுபவர் இதைக் கண்டும் பேசாமல் விட்டது எனக்குப் பெரிய மனவருத்தம்.

ட்ரோன் காட்சிகள் அழகு. ஆனால் ஒரே திட்டியை நான்கு தரம் மேலே இருந்து பார்க்கிறோம், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த வாடகைக் காசில் ஒரு நல்ல மைக் கிடைத்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, உள்ளூர்க் குறும்படங்களுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். சண்டைப் படம் என்றால் சண்டையைத் தெரிந்த ஒருவரிடம், ஒரு சிலம்ப ஆசிரியரிடமோ கூத்துக் கலைஞரிடமோ கேட்டு எழுதச் செய்யுங்கள். இந்தப் படத்தை எடுத்த தம்பிமாருக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். படத்தை 12 நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள். முதலில் வெட்ட வேண்டியது தலைவனின் வசனம், அடுத்தது ட்ரோன். திறப்பு விழும் ஷொட்டில் ஒரு பிரேமைக்கூடத் தொடாதீர்கள். ஒலியைப் புதிதாகப் போட விரும்பினால் என் ஸ்டூடியோ ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது, பணம் வேண்டாம். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.