சேகருக்கு, உன் கேலிக்குப் பதில்

அன்புள்ள சேகர்,

"உன் பிழைப்பில் மண் விழுந்தது, என் பிழைப்பே மண்ணில்தான், அதனால் தப்பித்தேன்" என்று எழுதியிருந்தாய். ஏஐ வந்து என் மென்பொருள் வேலையைப் பிடுங்கிக்கொண்டது, உன் சிவில் இன்ஜினியர் வேலையைத் தொடவில்லை என்பதுதானே கேலி! இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. இதோ பதில்.

நீ சொன்னதில் பாதி உண்மை. 2021-இல் புரோகிராம் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ முன்னோட்டமாக வந்தபோது, அரை வரி எழுதினால் மீதியை முடித்துத் தரும் பொம்மை என்றுதான் நினைத்தோம். இன்று என் குழுவில் பெரும்பாலான புரோகிராம்களை முதலில் எழுதுவது ஏஐதான்; நாங்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறோம். எங்களிடம் அது இத்தனை வேகமாக நுழைந்ததற்குக் காரணம் உண்டு. மென்பொருளில் பல தப்புகள் ஓட்டிப் பார்த்த சில விநாடிகளிலேயே தெரிந்துவிடும், அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். நீ ஊற்றிய கான்கிரீட்டை அப்படி அழிக்க முடியுமா? போதாததற்கு, அது படித்துப் பழக எங்கள் ஆட்கள் எழுதிய புரோகிராம் இணையம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. உங்கள் டிராயிங்குகள் பெரும்பாலும் அலுவலகச் சர்வர்களில் பூட்டிக் கிடக்கின்றன.

போன மாதம் நடந்ததைக் கேள். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் தேதியைக் கணக்கிடும் ஒரு சின்னப் பகுதி. புரோகிராமையும் ஏஐ எழுதியது, அது சரியா என்று சோதிக்கும் டெஸ்ட்டையும் அதுவே எழுதியது. நாற்பது டெஸ்ட்டும் பச்சை, அதாவது பாஸ். குழுவில் ஒரு பெண் மட்டும், "பிப்ரவரி 29-இல் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் எந்தத் தேதி?" என்று கேட்டாள். புரோகிராம் மார்ச் 1 என்றது. வாடிக்கையாளர் கேட்டிருந்தது பிப்ரவரி 28. டெஸ்ட்டும் மார்ச் 1-தான் சரி என்று தலையாட்டியிருந்தது. பரீட்சை எழுதியவனே பேப்பரைத் திருத்தினால் வேறு என்ன வரும்? அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றியது தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு தேதிப் பிழையோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவள் அவள்.

அப்போதுதான் நீ சொன்ன ஸ்லைப்னர் ஏ கதை நினைவுக்கு வந்தது. 1991 ஆகஸ்டில் நார்வேயில், எண்ணெய், எரிவாயு எடுக்கும் கடல் மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தை நீரில் இறக்கிச் சோதிக்கும்போதே மூழ்கிப்போனது. கம்ப்யூட்டர் கணக்கில் மெஷ், அதாவது கட்டமைப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை, சரியாகப் போடாததால், சுவரில் வரும் ஷியர் (வெட்டுவிசை) 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது. பிறகு ஒழுங்காகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் 65 மீட்டரில் உடைந்தது. அன்றைக்கு அங்கே ஏஐ ஏது? ஒரு தப்பான எண் அத்தனை பேர் கண்ணையும் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் "நான் தப்பித்தேன்" என்று ரொம்பக் குதிக்காதே.

மெக்கானிக்கல்காரன் நம் பாஸ்கரனிடமும் பேசினேன். ஆலையில் பம்புகளுக்கெல்லாம் அதிர்வு சென்சார் மாட்டிவிட்டார்களாம். எந்த பேரிங் எப்போது போகும் என்று திரை முன்கூட்டியே சொல்கிறது, பல தடவை சரியாகவும் சொல்கிறது. ஒரு ராத்திரி மூன்றாம் பம்ப் சிவப்பு காட்டியிருக்கிறது. இவன் போய் ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டிருக்கிறான். பேரிங் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது. ஆட்டம் கண்டது அடித்தளத்து போல்ட். மெக்கானிக்கல்காரனுக்கு இன்னும் சில காலம் கவலை இல்லை என்றே படுகிறது. சிப் டிசைன்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சிப்பில் எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும் (பிளேஸ்மென்ட்), இணைப்புக் கம்பி எப்படி ஓட வேண்டும் (ரூட்டிங்) என்பதையெல்லாம் பல பத்தாண்டுகளாகவே மென்பொருள் செய்கிறது, ஆட்கள் டிசைன் சரியா என்று சோதிக்கும் வெரிஃபிகேஷன் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

என் கவலை வேறு, சேகர். உன் துறையிலும் கம்பிகளின் அளவும் வளைவும் பட்டியலிடும் பார் பெண்டிங் ஷெட்யூல், அளவெடுப்பு, கம்பி விவரங்களை வரையும் டீட்டெய்லிங் எல்லாம் மெல்ல மெல்ல மெஷினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர் வேண்டும், அது சரி. ஆனால் நீ அந்த இடத்துக்கு வந்ததே ஆயிரம் கம்பியை எண்ணி எண்ணித்தானே? அந்த வேலையே இல்லாமல் வளரும் பிள்ளை, 47 சதவீதம் குறைவான எண்ணைப் பார்த்து எப்படி முகம் சுளிப்பான்?

நான் ஒன்று செய்து பார்க்கிறேன். வாரம் ஒருநாள் ஜூனியர்கள் ஏஐ இல்லாமல் பிழை தேட வேண்டும். முணுமுணுக்கிறார்கள். வேகம் குறைகிறதே என்று மேலே இருப்பவரும் கேட்கிறார். எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. உன் டிரெயினிகளை இன்னும் ஒரு பீமையாவது கையால் கணக்குப் போடச் சொல்கிறாயா, இல்லை நீயும் விட்டுவிட்டாயா? அதை எழுது.

முழங்கால் எப்படி இருக்கிறது? சைட்டில் ஏணி ஏறாதே, சொன்னால் கேள்.

உன்,
ராகவன்