ஆபர்டீனில் என்னைப் பழக்கி எடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்திலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டை முடித்த கையோடு ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆபர்டீன் நகருக்கு மேற்கே டீ (Dee) ஆற்றை ஒட்டி இருக்கும் கேம்ப்ஹில் சமூகம் ஒன்றில் தன்னார்வப் பயிற்சி மாணவியாக இருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வந்ததிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. நன்றி சொல்ல வேண்டியவர்களோ ஏராளம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேம்ப்ஹில்லில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களும் ஒரே வீட்டில் ஒரு குடும்பமாக வாழ்கிறார்கள். வார்டு கிடையாது, சீருடை கிடையாது. ஒரே மேசையில் சாப்பாடு. காலையில் ஒவ்வொருவரும் ஒரு வேலைக்குப் போவார்கள்: ரொட்டிக்கூடம், நெசவு, தோட்டம், பண்ணை என்று. மதியம் எல்லோரும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சற்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடி போவார்கள்.

இந்த அமைப்பைத் தொடங்கியவர்களே அந்த நாட்டுக்கு அந்நியர்களாக வந்தவர்கள்தான். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது வியன்னாவிலிருந்து தப்பிய யூத மருத்துவர் கார்ல் கோனிக், தன்னைப் போலவே அகதிகளாக வந்த இளைஞர்களோடு சேர்ந்து ஆபர்டீன்ஷயரில் ஒரு வீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளோடு வாழ ஆரம்பித்தார். கேம்ப்ஹில் என்ற பெரிய இடத்துக்குக் குடிமாற இருந்த சமயம் பார்த்து, பிரிட்டிஷ் அரசு அந்த ஆண்களை எதிரி நாட்டவர் என்று பிடித்துக்கொண்டுபோய் ஐல் ஆஃப் மேன் தீவில் காவலில் வைத்துவிட்டது. பெண்கள் காத்திருக்கவில்லை. கோனிக்கின் மனைவி டில்லாவும் மற்றவர்களும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு 1940 ஜூன் 1 அன்று தாங்களாகவே குடிபோனார்கள். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தச் சமூகங்கள் இருக்கின்றன. என் முதல் நன்றி அந்தப் பெண்களுக்கு. அவர்களை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் போட்டுவைத்த பாதையில்தான் என்னைப் போன்றவர்கள் போகிறோம்.

அடுத்தது, என்னை அனுப்பிவைத்தவர்கள். துறைத்தலைவர் மேடம், "ஒரு வருஷம் வீணாகிவிடும்" என்று மற்றவர்கள் சொன்னபோது நீங்கள் ஒருவர்தான் "போய்ட்டு வா, படிப்பு எங்கேயும் ஓடிடாது" என்றீர்கள். பரிந்துரைக் கடிதத்தை ஒப்புக்கு எழுதாமல், களப்பணியில் நான் எதில் தேறினேன், எதில் இன்னும் பழக வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தீர்கள். அங்கே நேர்காணலில் அவர்கள் முதலில் எடுத்துப் பேசியது அதைத்தான்.

விசா வேலையைத் தோளில் தூக்கிச் சுமந்த சீனியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? பிரிட்டனில் இப்படி ஓராண்டு தொண்டு செய்வதற்கு அறக்கட்டளைப் பணியாளர் விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் வாங்கக்கூடாது. தங்குமிடமும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கிடைக்கும், அவ்வளவுதான். அழைக்கும் அமைப்பிடமிருந்து ஸ்பான்சர் சான்று வர வேண்டும். வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டு 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பான்சர் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் இங்கேயே காசநோய்ப் பரிசோதனை முடித்துச் சான்று வாங்க வேண்டும். இதில் ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் தொங்கிவிடும். அக்கா, உங்கள் தேர்வு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் சரிபார்த்துக் கொடுத்தீர்கள். விமான டிக்கெட்டுக்குப் பணம் புரட்டித் தந்த நண்பர்கள் மூவருக்கும் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் "எப்போ தருவே?" என்று ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்தீர்களே, அதைத் திருப்பித் தர வழி தெரியவில்லை.

அப்பா, அம்மா, உங்களுக்கு இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. பயத்தை மறைத்துக்கொண்டு வழியனுப்பினீர்கள். எனக்குத் தெரியும்.

சரி, ஆபர்டீனுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பொறுப்பாளர் அம்மாவிடம் நான் கற்றதைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். போன புதிதில் எங்களுக்கு நிறையப் பயிற்சி வகுப்புகள்: ஆளைத் தூக்காமல் எழுப்பி நிற்க வைப்பது, மருந்து கொடுப்பதில் யார் என்ன செய்யலாம், பேச்சு வராதவர்களோடு பேச உதவும் மக்கட்டான் சைகைகள், வலிப்பு வந்தால் என்ன செய்வது. வகுப்பில் சொல்வது ஒன்று, வீட்டில் பார்ப்பது வேறு. ஒருநாள் மாலை, தேநீர் நேரத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வலிப்பு வந்தது. அந்த அம்மா முதலில் செய்தது கடிகாரத்தைப் பார்த்ததுதான். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவைத்தார், தன் கம்பளிச்சட்டையைச் சுருட்டி அவர் தலைக்கு அடியில் வைத்தார். கையைக் காலைப் பிடித்து அழுத்தவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. "நான் பக்கத்துல இருக்கேன், இப்போ உங்க கண்ணாடியைக் கழற்றுறேன்" என்று ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்லிச் சொல்லிச் செய்தார். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. வலிப்பு நின்றதும் மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று என் கையில் போனைக் கொடுத்து நிறுத்தியிருந்தார். தேவைப்படவில்லை. முழுக்க விழித்துக்கொண்டபோது தன்னைச் சுற்றிக் கூட்டம் நிற்பதை அவர் பார்க்கக்கூடாது என்று, மற்றவர்களை ஏற்கெனவே பக்கத்து அறைக்கு அனுப்பியும் இருந்தார். ஒருவரின் மானத்தைக் காப்பதும் முதலுதவியில் ஒரு பகுதி என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

ஸ்காட்லாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, தானாக முடிவெடுக்கும் திறன் குறைந்த பெரியவர்களுக்கானது. அவர்களுக்காக எடுக்கும் எந்த முடிவும் அவர்களுக்கு நன்மை தர வேண்டும், அவர்கள் சுதந்திரத்தை எவ்வளவு குறைவாகக் கட்டுப்படுத்த முடியுமோ அவ்வளவு குறைவாகக் கட்டுப்படுத்த வேண்டும், அவர்களுடைய இப்போதைய விருப்பத்தையும் முன்பிருந்த விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. இந்தச் சட்டத்தை அந்த அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "இன்னிக்கு அவர் எந்தச் சட்டை போடணும்னு நீ முடிவு பண்ணாதே. ரெண்டை எடுத்துக் காட்டு, காத்திரு." காத்திரு என்பதுதான் கடினம். ஒருவர் கையை நீட்டிச் சட்டையைத் தொடுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், அந்த நேரம் முழுக்க நாம் சும்மா நிற்க வேண்டும். எங்கள் படிப்பில் "பயனாளியின் சுயநிர்ணயம்" என்று தேர்வுக்கு எழுதுவோம். அது ஒரு சட்டைக்கு முன்னால் இப்படி நிற்பது என்று எனக்குக் காட்டியவர் அவர்.

இனி, இந்த மடல் யாருக்காகவோ அவர்களிடம் வருகிறேன்.

அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் வாக்கில் புதுத் தன்னார்வலர்கள் வருவார்கள், பழையவர்கள் கிளம்புவார்கள். நமக்கு அது ஓராண்டு அனுபவம். அந்த வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கோ, தன்னைக் குளிப்பாட்டவும் தன் அறையைத் திறக்கவும் உரிமை பெற்ற ஒரு புது ஆள் ஆண்டுதோறும் வந்து நிற்கிறார். அவருக்குத் தன் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. ஆங்கிலமும் அரைகுறையாக இருக்கலாம். அவரைப் பொறுத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்து, பிடித்துப்போய், ஓராண்டு முடிவில் வழியனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் பயிற்சி மாணவர்கள் என்றால் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் யார்? முக்கால்வாசி அவர்கள்தான். இதற்கு அவர்களுக்குச் சான்றிதழும் இல்லை, பட்டமும் இல்லை. என் கையில் மட்டும் சான்றிதழ் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மேசை வைக்கும் பொறுப்பு ஒரு பெண்மணியுடையது. இரவே மறுநாள் காலைக்கான கோப்பைகளை எடுத்து வைத்துவிடுவார். எந்தக் கோப்பை யாருடையது என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் அவரோடு சேர்ந்து நான் வைத்த கோப்பை ஒன்றை அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து, காதுப்பக்கத்தை வலது பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு அந்த நாற்காலியைத் தொட்டு, தன் இடது கையை மடியில் கிடத்திக் காட்டினார். அங்கே உட்காருபவருக்கு இடது கை வராது. இது எந்தக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவர் இப்படித்தான் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா, உங்களைப் போலக் கவனிக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என்னை டீசைடு நடைபாதைக்குத் தினமும் கூட்டிப்போன பெரியவரே, உங்களுக்கும் நன்றி. 1966-இல் மூடப்பட்ட ரயில் பாதை அது; விக்டோரியா மகாராணி பால்மோரல் கோட்டைக்குப் போன வழி. ஒவ்வொரு நடையிலும் ஒரே இடத்தில் நின்று அதே கதையை அதே உற்சாகத்தோடு சொன்னீர்கள். எனக்கு அலுக்கவே இல்லை. டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூட இருக்காது. அறையை விட்டு வெளியே வரவே மனமில்லாமல் கிடந்த நாட்களில், கோட்டு போட்டுத் தொப்பி மாட்டி என் கதவுக்கு வெளியே வந்து நின்றீர்கள். உங்களை நடக்கக் கூட்டிப்போவது என் வேலை என்று அட்டவணையில் எழுதியிருந்தது. உண்மையில் யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அப்புறம், ஆல்பம் வைத்திருந்த பாட்டி. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு கூப்பிட்டு உட்கார வைத்து, பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். 1980-களில் வந்த ஜெர்மானியப் பெண்ணிலிருந்து, அந்த வீட்டில் இருந்துபோன தன்னார்வலர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்து பேர், நாடு, யாருக்குக் கல்யாணமாயிற்று, யார் இன்னும் கிறிஸ்துமஸுக்கு அட்டை போடுகிறார்கள், யார் போடுவதில்லை என்று சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்ட என் படம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போனவர்களில் பாதிப்பேர் அவரை மறந்திருக்கலாம். அவர் ஒருவரையும் விட்டுவிடவில்லை. பாட்டி, அட்டை வரும். வருடா வருடம் வரும்.

உடனிருந்த தன்னார்வலர்களுக்கு: ஜெர்மனி, பிரேசில், கொரியா என்று எங்கெங்கிருந்தோ வந்தீர்கள். வீட்டு நினைவு வந்து நான் அழுத இரவில் சமையலறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஆபர்டீனில் எண்ணெய் நிறுவன வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு: விடுமுறை நாளில் "வாம்மா, தமிழ்ல பேசிட்டுப் போ" என்று கூப்பிட்டீர்கள், அந்தப் பேச்சு ஒரு வாரத்துக்குத் தாங்கும். சக்கர நாற்காலி ஏறி இறங்கும்வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காத்திருந்த பேருந்து ஓட்டுநர்களுக்கும் மருத்துவமனை வரவேற்பில் இருந்தவர்களுக்கும் நன்றி. அவர்கள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரிடமே நேராகக் கேட்டார்கள், "உங்களுக்கு எங்கே போகணும்?" என்று.

தம்பி தங்கைகள் சிலர், "இரண்டு வாரம், ஒரு மாதம் போய் வருகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். மரம் நடவோ கட்டட வேலைக்கோ அது சரியாக இருக்கலாம். ஒருவரின் வீட்டுக்குள் போய், அவர் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலைக்கு அது சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அவர்கள் உங்களை நம்பவே சில மாதம் ஆகும். நம்பிய நேரத்தில் கிளம்பினால், அந்த உழைப்பு முழுக்க அவர்களுக்கு நஷ்டம். போவதென்றால் முழு ஆண்டுக்குப் போங்கள்.

நான் இப்போது இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிட்டேன். களப்பணிக்கு அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வருகிற ஆகஸ்டில் போக நினைப்பவர்கள் ஜனவரிக்குள்ளாவது விண்ணப்பித்துவிடுங்கள், ஸ்பான்சர் சான்றுக்கும் விசாவுக்கும் அவ்வளவு அவகாசம் வேண்டும். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் மாலையில் நூலகத்துக்கு வாருங்கள். அக்கா எனக்குச் செய்துகொடுத்த மாதிரி ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துத் தருகிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் மாணவி, தோழி, மகள்