ஆறு பம்ப் வேண்டாம், இரண்டு போதும்: கெண்ட் பப் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் கெண்ட் கவுண்டியில் பப் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். ஃபேவர்ஷாமில் தொடங்கி ராம்ஸ்கேட் வரை, தெற்கே ராம்னி சதுப்பு நிலம் வரை, காஸ்க் ஏலுக்காகவே, அதாவது பீப்பாயிலேயே முதிரும் பியருக்காகவே, உங்கள் கடைகளைத் தேடி வருகிறவன் நான். வருவது ரயிலிலும் பஸ்ஸிலும்தான், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது: ஒரே சமயத்தில் இத்தனை பீப்பாய்களைத் திறக்காதீர்கள். தமிழில் படிக்கும் நண்பர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீப்பாயிலிருந்து பியரைக் கையால் இழுக்கும் ஹேண்ட் பம்ப், பீப்பாய்க்கு ஒன்றாக, கவுண்டரில் ஆறு வரிசையாக நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூன்றே பேர் உட்கார்ந்திருக்கும் கடையில் ஆறும் ஓடுகிறது என்றால் எனக்கு உள்ளுக்குள் உதறல் எடுக்கிறது.

லாகர் என்ற மற்ற வகை பியரைப் பற்றி இந்தக் கவலை இல்லை. அது வடிகட்டி, வாயு அழுத்தத்தோடு கெக் என்ற மூடிய உலோகப் பீப்பாயில் வருகிறது. வாரக்கணக்கில் கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. காஸ்க் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. மதுவடிப்பவர் பாதி வேலையைத்தான் முடித்து அனுப்புகிறார். மீதி உங்கள் நிலவறையில் நடக்கிறது. பீப்பாயைப் படுக்கவைத்து, மேல் துளையில் மரமுளை அடித்து, மிகுதி வாயுவை வெளியேற்றி, ஈஸ்ட் அடியில் படியும்வரை ஒரு நாளாவது அசைக்காமல் விட்டு, 11 முதல் 13 டிகிரிக்குள் குளிர்ச்சியைப் பிடித்துவைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பாத்திரம் கழுவுவதைப் போல வெளியே தெரியாத உழைப்பு அது.

திறந்த பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) இறங்கும்போதும் அந்த அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. மூன்று நாள்வரை தாங்கும். அதற்கு மேல் முதலில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை மங்கும், பிறகு ஆப்பிள் புளிப்பு தட்டும், கடைசியில் காடி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஃபர்கின் என்கிற சாதாரணப் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட். மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 24 பைன்ட் போக வேண்டும். ஆறு பம்ப் என்றால் 144. விட்ஸ்டபிள் கடற்கரையில் ஆகஸ்ட் சனிக்கிழமை வேண்டுமானால் இது நடக்கும். பிப்ரவரியில், கடைசி பஸ் மாலையிலேயே போய்விடும் கிராமத்தில்?

ஒரு மழை நாளில் நண்பர் ஒருவரை அப்படியொரு பழைய கடைக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். உத்தரம் தலையில் இடிக்கும், கணப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும், நாற்காலிக்கு அடியில் ஒரு நாய், எல்லாம் சரி. கண்ணாடிக் கோப்பையில் வந்தது நுரையே இல்லாமல், லேசாகக் கலங்கி, மூக்கருகே கொண்டுபோனதுமே காடி நெடி. திருப்பிக் கொடுத்தேன். “ரியல் ஏல் இப்படித்தான் சார் இருக்கும்” என்று பதில் வந்தது. (காஸ்க் ஏலுக்கே இன்னொரு பெயர்தான் ரியல் ஏல்.) நண்பர் பாதியில் வைத்துவிட்டு லாகர் வாங்கினார். இன்றுவரை அவருக்கு ஏல் என்றால் அந்தக் கடையின் ஏல்தான். ஒரு பைன்டை மாற்றிக் கொடுத்தால் ஆகும் செலவைவிட அது எவ்வளவு பெரிய நஷ்டம், பாருங்கள்.

கெண்டிலேயே வேறு வழியும் இருக்கிறது. 2005ல் ஹெர்ன் கிராமத்தில், முன்பு இறைச்சிக்கடையாக இருந்த சின்ன அறையில் ‘புட்சர்ஸ் ஆர்ம்ஸ்’ திறந்தது. நாட்டின் முதல் மைக்ரோபப், அதாவது ஏலை மையமாக வைத்த குட்டிக் கடை, அதுதான். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் புது உரிமம் வாங்குவதைச் சுலபமாக்கியிருந்தது. இசை இல்லை, சூதாட்ட எந்திரம் இல்லை, பீப்பாயிலிருந்தே நேரே ஊற்றல். ராம்னி சதுப்பு நிலத்து ஸ்னார்கேட்டில், ‘டோரிஸ் கடை’ என்று ஊரார் சொல்லும் ‘ரெட் லயன்’, 1911 முதல் ஒரே குடும்பத்தின் கையில் வந்த கடை. பளிங்குக் கவுண்டரில் பழைய பம்புகள் காட்சிக்கு நிற்கும். பியர் வருவது பின்னால் இருக்கும் பீப்பாயிலிருந்து. அங்கெல்லாம் பட்டியல் நீளமில்லை என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

கெண்டின் கிழக்கு ஓரத்தில் தானெட் பக்கத்து மைக்ரோபப் ஒன்றில் குடித்த, ராம்ஸ்கேட் புரூவரி என்ற மதுவடிப்பாலையின் ‘கேட்ஸ் நம்பர் 7’ நினைவுக்கு வருகிறது. ஆல்கஹால் 3.8 சதவீதம்தான். குழாயில் தேங்கியிருந்த முதல் இழுப்பைக் கடைக்கார அம்மா யாரும் கேட்காமலே கீழே கொட்டினார். பிறகு வந்தது தேன் நிறத்தில், தெளிவாக, நாக்கின் பின்னால் நிதானமாக ஏறும் கசப்போடு. பக்கத்து வயலில் விளையும் ஈஸ்ட் கெண்ட் (கிழக்குக் கெண்ட்) கோல்டிங்ஸ் ஹாப்ஸை வைத்துக்கொண்டு, செப்டம்பரில் பறித்த பச்சை ஹாப்ஸைக் காயவைக்காமலே போட்டு வடிக்கும் ஏல் வரை வைத்துக்கொண்டு, பழையதை ஊற்றுவதற்கு என்ன அவசியம்? (ஹாப்ஸ் காயவைத்த கூம்புக்கூரை ஓஸ்ட் வீடுகள் பல இப்போது பணக்காரர்களின் படுக்கையறை. அது வேறு வருத்தம்.)

வாடிக்கையாளர் விதவிதமாகக் கேட்கிறார் என்பீர்கள். கேட்கட்டும். வகைகளை வாரத்துக்கு வாரம் மாற்றலாம், ஒரே நாளில் வரிசையாக நிறுத்த வேண்டியதில்லை. 36 பைன்ட் பிடிக்கும் ‘பின்’ பீப்பாயைக் கேட்டு வாங்கலாம். பைன்டுக்கு விலை கொஞ்சம் கூடும், ஆனால் சாக்கடையில் கொட்டுவது குறையும். புரூவரிக்குக் கட்டுப்பட்ட கடை என்றால் எதை வாங்குவது என்பது உங்கள் கையில் இல்லை, புரிகிறது. எப்போது திறப்பது என்பதில் உங்கள் சொல் கொஞ்சமாவது எடுபடும் அல்லவா? திங்கள் முதல் புதன்வரை இரண்டு பம்ப், வெள்ளிக்கிழமை மூன்றாவது. ஓடாத பம்பில் ஏலின் பெயர் காட்டும் வில்லையைத் திருப்பி வைத்துவிட்டால் எங்களுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும். பலகையில் ஏலின் பெயர், சதவீதம், விலை எல்லாம் சாக்பீஸில் எழுதுகிறீர்கள். அந்த வரியிலேயே பீப்பாய் திறந்த கிழமையையும் எழுதிவிடுங்கள். ‘வியாழன்’ என்று பார்த்தால் வெள்ளிக்கிழமை தைரியமாகக் கேட்பேன். ‘சனி’ என்று எழுதிய பியரைப் புதன்கிழமை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களும் ஊற்றமாட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்