மித்ராவுக்கு எத்தனை எச்?

அன்புள்ள அம்மு,

நீ போன் எடுக்காவிட்டால் பரவாயில்லை. பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்க வேண்டும், அதுதான் முக்கியம். மெசேஜில் எழுதலாம் என்றால், நீளமாக இருந்தால் நீ பாதியிலேயே கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பூண்டுக் குழம்போடு அப்பா கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுப்பார். குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு, அப்படியே சாப்பிடாதே.

பெயர் விஷயம்தான். சம்பந்தியம்மா போன் செய்தார்கள். மித்ரா என்று முடிவாகிவிட்டதாம். இங்கிலீஷ் எழுத்து மட்டும் சென்னையில் அவர்களுக்குத் தெரிந்த எண்கணித ஜோசியர் சொன்னபடி போடப்போகிறார்களாம். எம், ஐ, டி, எச், எச், ஆர், ஏ, ஏ. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி அப்பாவிடம் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் தும்மல் எந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டார். நீ சிரிப்பாய் என்றுதான் அதை உனக்கு அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? "அவங்க சொல்றபடியே வைக்கட்டும்மா, எதுவா இருந்தா என்ன."

எதுவா இருந்தா என்னவா? தேன்மொழி பேசுகிற பேச்சா இது?

இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் உன் வகுப்பு டீச்சர் பெயரைப் படிக்கத் தெரியாமல் "தென் மோஸி" என்றார். மற்ற பிள்ளைகளாக இருந்தால் கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீ எழுந்து போய்ப் பலகையில் ழ எழுதி, வாயைத் திறந்து, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கே காட்டினாய். வகுப்பு முழுக்க, சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் எல்லோரும் நாக்கை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். டீச்சர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன் பட்டமளிப்பு விழாவில்கூட நான் உணரவில்லை. பத்து வயதில், ஏன் இப்படி ஒரு பெயர் வைத்தீர்கள் என்று அப்பாவோடு சண்டை போட்டதும் நீதான். எதற்கும் சண்டை போடுவாய். உப்புமாவுக்குக்கூடச் சண்டை போட்ட பிள்ளை, சொந்த மகளின் பெயருக்கு வாயைத் திறக்கவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது?

சரி, எழுத்துக்கு வருகிறேன்.

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதே. அதில் எம்முக்கு 4, ஐக்கு 1, டிக்கு 4, எச்சுக்கு 5, ஆருக்கு 2, ஏவுக்கு 1. சாதாரணமாக எழுதினால் மித்ராவுக்குக் கூட்டுத்தொகை 17, அதாவது 8. எட்டு என்றால் சனி, யாருக்கும் ஆகாது. ஒரு எச்சும் ஒரு ஏவும் சேர்த்தால் 23, அதாவது 5, புதன். விஷயம் அவ்வளவுதான். நம் அப்பாயி இதைக் கேட்டிருந்தால், "எச்சு ஒண்ணு சேர்த்தா சனி ஓடிருவாரா?" என்றிருப்பார்கள்.

சம்பந்தியம்மாவைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசு. மகம் ஜகத்தை ஆளும் என்று பேத்தியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மகத்துக்கு ம, மி, மு, மெ என்று எழுத்து வந்ததும் நல்லதாகப் போயிற்று. இரண்டு நாள் முன்னால் பூசத்தில் பிறந்திருந்தால் ஹு, ஹே, ஹோ, ட என்று கொடுத்திருப்பார்கள். தமிழில் ட-வில் தொடங்கும் சொல்லே கிடையாது, தொல்காப்பியத்திலேயே அதற்கு இடமில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்களோ.

ஆனால் நான் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பிள்ளைகளின் பெயரைத் தட்டச்சு செய்தவள். இந்த எழுத்துகள் ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். இனியன் என்று ஒரு பையன் இருந்தான். அழகான பெயர். எண்ணுக்காக ஓர் ஏ கூடுதலாகப் போட்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் இங்கிலீஷில்தான் இருக்கும், தமிழ் டீச்சர் அதைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்வார். அவர் 'இனியான்' என்று எழுதினார். நோட்டுப் புத்தகத்தில் இனியான், சுவரில் ஒட்டிய அட்டையில் இனியான், பரிசளிப்பு விழா மேடையில் இனியான். அம்மா அப்பா வந்து சொன்னார்கள், திருத்தினோம், அடுத்த வருஷம் வேறு டீச்சர், மறுபடி இனியான். தொடக்கநிலை ஆறுக்கு வரும்போது அவனே தன்னை இனியான் என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

அப்புறம் அந்த 'டி சாய்கோடு ஓ' (D/O), இன்னாரின் மகள் என்று போடுவது. அது கட்டாயமில்லை, தெரியும்தானே? உனக்குப் போட்டோம், அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டார்கள். விமான டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நீயும் மாப்பிள்ளையும் மண்டையை உடைத்துக்கொள்வது எனக்குத் தெரியாதா? பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெயரை இடைவெளி விட்டுப் போட்டால் போதும். இதையும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் இருவரும். மற்றவர்கள் அப்புறம்.

விசித்திரமான எழுத்து நம் வீட்டுக்குப் புதிதில்லை என்று நீ சொல்லலாம். அப்பாயியின் அடையாள அட்டையை எடுத்துப் பார். எல், இ, டி, சி, எச், யூ, எம், ஐ. குளுவாங் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர், காதில் விழுந்ததை அப்படியே எழுதிவைத்தார், லெட்சுமி. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு அந்த எழுத்து பிடிக்கும். பார்த்தவுடன் மலாயாத் தமிழர் வீட்டுப் பெயர் என்று தெரிகிறது. அதோடு அது வாயில் வருகிறபடி எழுதியது. லெட்சுமி என்று சொன்னார்கள், லெட்சுமி என்று எழுதினார்கள். இந்த இரண்டாவது எச்சை யார் வாயால் சொல்வது?

பெயர் எவ்வளவு அபூர்வமாகவும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்து மட்டும் நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தகத்தில், வங்கியில், பொட்டலம் கொண்டுவருகிற பையனிடம், வாழ்நாள் முழுக்க "எச் ரெண்டு, ஏ ரெண்டு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உன் ழ-வுக்கு அந்த இசட் எச் போடாமல் வேறு வழியில்லை, இங்கிலீஷில் அதற்கு எழுத்தே கிடையாது. மித்ராவுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

பிள்ளைக்கு முப்பது கழிந்துவிட்டது. பதிவதற்கு 42 நாள்தான். இப்போது எல்லாம் அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில், நீங்களே தட்டுவது. 2022 மே மாதத்திலிருந்து காகிதச் சான்றிதழே கிடையாது, எல்லாம் போனில்தான். உன்னுடையது இன்னும் என் பீரோவில் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற எண்தான் 15 வயதில் அடையாள அட்டைக்கும் போகும், பெயரும் அதே எழுத்தில் கூடவே போகும். பாஸ்போர்ட், பள்ளி, மத்திய சேமநிதி எல்லாவற்றிலும் அதே எழுத்து. பிறகு மாற்ற வேண்டும் என்றால் வக்கீலிடம் போய்ப் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும். அதனால் பொத்தானை அழுத்தும் முன் ஒரு முறை சத்தமாக எழுத்துக்கூட்டிப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அரசாங்கம் தருகிற பேபி போனஸ் 11,000 வெள்ளியும் பதிவு முடிந்தால்தான் நகரும். பணத்துக்காகச் சொல்லவில்லை. நாள் ஓடுகிறது என்று சொல்கிறேன்.

எப்போதும் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவைப்பவள் நீ. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு விண்ணப்பம் போட்டபோது அத்தனை தாளையும் ஒரே இரவில் அடுக்கினாய். இதை மட்டும் ஏன் இப்படி விட்டிருக்கிறாய்?

கேகே மருத்துவமனையில் உன் சித்தி மகளுக்கு, பிள்ளை பெற்ற பிறகு மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? பத்துக் கேள்வி. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்று முதல் கேள்வி. உனக்கும் கொடுத்தார்களா? கொடுத்தால் உள்ளதை உள்ளபடி நிரப்பு. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க அது பரீட்சை இல்லை. அவள் நிரப்பினாள், பேசினார்கள், இப்போது எப்படி இருக்கிறாள் பார். கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டேன்.

இங்கே ஈசூனில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, வழக்கமானதுதான். உன் அறையில் ஸ்பிரிங் தொட்டில் மாட்ட அப்பா கொக்கி போட்டார், அது அப்படியே தொங்குகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லையே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கோல் வீட்டில் ஏசி இருக்கிறது, சம்பந்தியம்மா கூடவே இருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கும் விடுப்பு. எல்லாம் சரியான காரணம்தான். கொக்கியால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. ஏழாம் மாதத்தில் தேக்காவில் மீன் வாங்க நின்றபோது நீ சொன்னாய், பெண் என்றால் ஆதிரை என்று. மணிமேகலையின் பாத்திரத்தில் முதல் பிச்சை போட்டவள் பெயர் என்று நீயே எனக்குக் கதை சொன்னாய், நான் படித்ததில்லை. மீன்காரர் வெட்டிவைத்த கொடுவாயை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தாய். உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? மகத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு நட்சத்திரத்தின் பெயரா என்று சம்பந்தியம்மா கேட்டார்களாம். நியாயமான கேள்விதான், அதற்காக ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிடுவதா? உன் கட்சியை நீ சொல்ல வேண்டாமா?

ஆதிரைக்கும் கணக்குப் போட்டேன். தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஏ, டி, எச், ஐ, ஆர், ஏ, ஐ. கூட்டினால் 15, அதாவது 6. சுக்கிரன். த-வுக்கு டி (T) போட்டாலும் சரி, டீ (D) போட்டாலும் சரி, அந்த எண்கணிதத்தில் இரண்டுக்கும் 4 தான். ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இருப்பவர்களிடம் காட்டலாம் இல்லையா?

மித்ராவே உனக்குப் பிடித்திருந்தால் மித்ராவாக இருக்கட்டும். எட்டு எச் போட்டாலும் நான் வந்து தூக்கிக் கொஞ்சுவேன். ஆனால் பிடித்திருக்கிறது என்று நீ சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் சொல். என்னைத் திட்டியாவது சொல். "எதுவா இருந்தா என்ன" மட்டும் வேண்டாம், அம்மு.

வியாழக்கிழமை சுறாப்புட்டு செய்து எடுத்துக்கொண்டு காலையிலேயே வருகிறேன். வேண்டாம் என்று மெசேஜ் போடாதே, சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ குளித்துவிட்டுத் தூங்கு, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுந்த பிறகு பெயரைப் பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். செயலியில் அழுத்துவதாக இருந்தால் அதற்குப் பிறகு அழுத்து. அழுத்தும் முன் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படி.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடாதே, சம்பந்தியம்மா கண்ணில் பட்டுவிடும். கணக்குச் சீட்டை மட்டும் வைக்கலாம்.