ஆற்றின் அடிமணலையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வெள்ளம் பற்றிய உங்கள் கட்டுரையில் நீர்வரத்து, கரை உயரம், ஆக்கிரமிப்பு எல்லாம் இருந்தன. அடிமணல் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. வெள்ளம் எவ்வளவு உயரும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மணல் ஆற்றில் இறங்கி நின்றவர்களுக்குத் தெரியும், காலுக்கடியில் மணல் வரிவரியாக இருக்கும். ஓட்டம் கூடும்போது அங்கே பெரிய மணல் மேடுகள் எழுகின்றன. பிரம்மபுத்திராவில் பல மீட்டர் உயர மேடுகளையே அளந்திருக்கிறார்கள். மேட்டைத் தாண்டிய தண்ணீர் அதன் பின்சரிவில் சுழன்று வேகத்தை இழக்கிறது. வேகம் குறைந்தால் அதே அளவு தண்ணீர் போக அதிக ஆழம் வேண்டும். மட்டம் ஏறிவிடுகிறது.

ஓட்டம் இன்னும் வலுத்தால் நடப்பது தலைகீழ். மணல் கிளம்பித் தண்ணீரோடு ஓட, மேடுகள் கரைந்து அடி சமதளமாகிவிடும். ஆற்று நீரின் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தில், அடி தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் கரடுமுரடு எண், மேடுகள் இருக்கும்போது சுமார் 0.020 முதல் 0.040 வரை. சமதளத்தில் 0.010 முதல் 0.013 வரைதான். அதனால் வரத்து கூடியும் மட்டம் நினைத்த அளவுக்கு ஏறாமல் போகலாம். அவ்வளவு ஏன், தண்ணீர் குளிர்ந்தாலே அடி மாறுகிறது. அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர, மேடுகள் தட்டையாகி, வரத்து மாறாமலேயே மட்டம் இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லா ஆறும் இப்படிச் சமதளமாவதில்லை. ஆழமான பெரிய ஆறுகளில் மேடுகள் வெள்ளத்தோடு வளர்கின்றன, ஆனால் சற்றுத் தாமதமாக. நெதர்லாந்தில் ரைன் ஆற்றில் 1998 வெள்ளத்தின்போது அளந்தவர்கள், உச்சம் கடந்த பிறகும் சில இடங்களில் மேடுகள் வளர்ந்ததைக் கண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளம் ஏறும்போது ஒரு மட்டம் என்றால், அதே வரத்துக்கு வடியும்போது அதைவிட உயர்ந்த மட்டம்.

அப்புறம் எப்படி, இந்த மட்டத்துக்கு இவ்வளவு வரத்து என்று எழுதிவைத்த ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, அளவுகோலில் தெரியும் மட்டத்திலிருந்து வரத்தைச் சொல்வது? கரையோர மக்களை எப்போது வெளியேற்றுவது, எப்போது திரும்பி வரச் சொல்வது என்பதெல்லாம் அந்தக் கணக்கை நம்பியே நடக்கிறது. அது தப்பினால் உயிர்தான் போகும். ஒலி அலையைக் கொண்டு ஆழத்தையும் வேகத்தையும் நேரடியாக அளக்கும் கருவிகள் இருக்கின்றன. வெள்ளத்தின்போதே அவற்றால் அளந்து அட்டவணையைத் திருத்த வேண்டும். உச்சம் கடந்ததும் அளவீட்டை நிறுத்திவிடாமல், தண்ணீர் வடியும் நாட்களிலும் தொடர வேண்டும். நீங்களும் செய்தியில் மட்டத்தோடு, அப்போது நேரடியாக அளந்த வரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்