பீனோடைப் வெறும் தோற்றம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மரபியல் பற்றிய கட்டுரைகளில் பீனோடைப் என்றால் 'வெளித்தோற்றம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. 1909-இல் டென்மார்க் அறிவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் வகுத்த இக்கருத்தில் ரத்த வகை, நொதியின் அளவு, நடத்தை என அளந்தறியக்கூடிய எல்லாமே அடங்கும். ஏ வகை ரத்தம் உள்ளவரின் மரபணு இணை (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) ஏஏ ஆகவோ ஏஓ ஆகவோ இருக்கலாம்; சாதாரண ரத்த வகைச் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

விதைத் தேர்வில் பீனோடைப்பை மட்டும் பார்ப்பது பெரிதும் ஏமாற்றும். வரப்போரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல். அந்தச் செழிப்பு விதையில் இறங்காது. ஆகவே ஓர வரிசைகளை விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் விதைத்தவற்றை ஒரே வளர்ச்சிப் பருவத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொரு ரகத்தையும் வயலில் மூன்று இடங்களிலாவது மாற்றி மாற்றி நட்டுச் சராசரி பார்ப்பது நல்லது. நெட்டைப் பட்டாணி தூயதா (இணையின் இரண்டு மரபணுவும் நெட்டைக்கே) கலப்பா (ஒன்று நெட்டைக்கு, ஒன்று குட்டைக்கு) என்பது குட்டையோடு இனக்கலப்பு செய்தால் தெரியும்: கலப்பு என்றால் சந்ததியில் ஏறத்தாழ பாதி குட்டை. இரண்டு மூன்று செடி மட்டும் வளர்த்தால் குட்டை வராமலே போகலாம், குறைந்தது பத்துச் செடி வேண்டும்.

'மரபணுவில் இருந்தால் மாற்ற முடியாது' என்று எழுதுவதும் தவறு. பீனைல்கீட்டோநியூரியா (புரதத்தில் உள்ள பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத மரபணு நோய்) உள்ள குழந்தையைப் பிறந்த சில நாள்களில் கண்டறிந்து, பீனைல்அலனின் குறைந்த உணவைத் தொடங்கினால் கடுமையான மூளைப் பாதிப்பைத் தடுக்கலாம். மரபணு அப்படியே இருக்கிறது, மாறுவது பீனோடைப்.

இப்படிக்கு,
மரபியல் ஆசிரியர்கள் சிலர்